சச்சிதானந்தன் பேச எழும்பினார்

1

ஒரு விழாவில் பசியோடு யாருடையதோ பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கிடைத்த கதை இது. பேசியவரைப் பழிவாங்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: '1979 தை மாதம், தெஹ்ரான் வீதிகளில் மக்கள் வெள்ளம்...'

(அடித்துவிட்டேன். தெஹ்ரானை நான் கண்டதில்லை. சிட்னியில் நார்த்மீட்டைக் கண்டிருக்கிறேன்.)

2

நார்த்மீட்டில் விமலாதேவி என்றொரு தாதி இருந்தார். ஈரான் மன்னர் விமானமேறி நாட்டைவிட்டுப் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி கணவர் விக்னராஜாவிடம் கேட்டார்:

"ஒரு ராசாவையே அனுப்பிப்போட்டினம். எங்களால சச்சிதானந்தன் அண்ணையை அனுப்பேலாதோ?"

"அவரிட்டைப் பிளேன் இல்லையே," என்றார் விக்னராஜா.

அவர்களுடைய தமிழர் சங்கத்தைத் தொடங்கியவர் சச்சிதானந்தன். எட்டு ஆண்டுகளாக அவரே தலைவர். பொங்கல் விழாவில் ஒன்றரை மணிநேரம் பேசுவார். முடியும்வரை, சாப்பாடு வைத்திருக்கும் மண்டபத்துக் குசினி திறக்காது. பூட்டின் திறப்பு அவருடைய சட்டைப்பையில்.

(கொடுங்கோலர் என்பதால் பெரிய மீசை ஒன்று வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. மழித்துவிட்டேன்.)

3

அடுத்த சனிக்கிழமை பொங்கல் விழா. தலைவர் எழும்பினார்.

"சங்க காலம் தொட்டு..."

விமலாதேவி மடியிலிருந்த வெறுந்தட்டையும் கரண்டியையும் பார்த்தார்; எல்லோருக்கும் முதலே கொடுத்திருந்தார்கள். அவர் சிட்னியில் வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்கு வந்து, கூட்டிப்போய், வாடகைக்கு வீடும் பிடித்துக்கொடுத்தவர் இந்தச் சச்சிதானந்தன்தான். (இதை மறைத்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.) ஆனாலும் கரண்டியை எடுத்துத் தான் இருந்த இரும்புக் கதிரையில் தட்டினார்.

ஒருவரும் அசையவில்லை. விக்னராஜா கூரையைப் பார்த்தார்.

பிறகு முன்வரிசையில் இன்னொரு கரண்டி தட்டியது. தலைவரின் மனைவி இரஞ்சிதம்.

"எனக்குப் பசிக்குதப்பா," என்றார்.

அவ்வளவுதான். மண்டபம் முழுவதும் கரண்டிச் சத்தம். சச்சிதானந்தன் பேச்சுத் தாள்களை மடித்தார். திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் காருக்குள் ஏறிக்கொண்டார்.

4

'புரட்சி என்பது யாதெனில்...'

(வேண்டாம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.)

விமலாதேவிக்கு மட்டும் இறங்கவில்லை. இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனார்.

"அண்ணை, சாப்பிடுங்கோ."

"நான் அவ்வளவு அலட்டிறனானோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை."

அவர் சாப்பிட்டார். கையைத் துடைத்தார். பிறகு மடித்த தாள்களை மெல்ல விரித்தார்.

"பதினாலு பக்கம்தான். உங்களுக்கு மட்டும் வாசிக்கட்டோ?"

காரின் மறுபக்கக் கதவு திறந்திருக்கிறது. விமலாதேவி ஒரு கையால் அதைப் பிடித்தபடி நிற்கிறார். உள்ளே இருத்தவும் எனக்கு மனமில்லை, ஓடவிடவும் மனமில்லை. நீங்களே பார்த்து ஏதாவது செய்யுங்கள். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள். வெயில் வேறு கொளுத்துகிறது.