ஜெட் வத்தல்

கந்தர்வக்கோட்டைக்கு வெளியே, முந்திரிக்காடு மூடிக்கொண்ட பழைய ஓடுதளத்தில் ஞாயிறுதோறும் பத்தேகாலுக்கு ஒரு ஜெட் விமானம் வந்து இறங்குகிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய மாடல், மூக்கில் பெரிய ஓட்டை, ஓட்டுகிறவர் கிடையாது. பத்து நிமிடம் நின்று மூச்சு வாங்கிவிட்டுக் கிளம்பிவிடும். டவுன் பஸ்ஸைப் போல நேரம் தவறுவதில்லை.

இதை முதலில் பார்த்தவர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் சார்லஸ். அது வேறு யாராவதாக இருந்திருக்கலாம். காதுகுத்து பேனர்களில் தாய்மாமன்களை ஹெலிகாப்டரிலிருந்து இறக்கி இறக்கியே மாடி வீடு கட்டியவர் அவர். உடையப்பன் பேத்தியை நிலாவில் உட்கார வைத்ததும் அவர்தான். நாங்களும் அதையெல்லாம் கேட்டு வாங்கி, நடுரோட்டில் அண்ணாந்து நின்று பூரித்தவர்கள்தான். ஆனால் ஜெட் படத்தை அவர் காட்டியதும் ஊரே துப்பறியக் கிளம்பிவிட்டது. "நெழலு தப்பா விழுந்திருக்கேண்ணே," என்றார் டீக்கடை நாகராசு. நாற்பத்தேழு ஞாயிறு, ஆயிரத்துச் சொச்சம் படங்கள், ஒருவரும் நம்பவில்லை. நேரில் வந்து பார்க்கலாம்தான். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகக் கறி எடுக்க யார் போவது?

ஊர் நம்பாதது பெரிதில்லை, மனைவி ஜெயராணி டீச்சரும் நம்பவில்லை. ஒரு வருடமாக ஞாயிறு சர்ச் பூசைக்கு வராமல் புருஷன் காட்டுக்குள் போய்வருவதற்கு அவர் மனதில் வேறு காரணம் இருந்தது. "அது எந்த ஊருப் பொண்ணுன்னு மட்டும் சொல்லிருங்க. நான் ஆவூருக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிர்றேன்," என்றார். இருபது வருடம் பொய்யை அழகாக ஒட்டிய சார்லஸுக்கு ஒரே ஒரு உண்மையை ஒட்ட வரவில்லை. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு, துணிப்பையைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் ஜெயராணி வண்டியில் பின்னால் ஏறினார். பத்தேகாலுக்கு ஜெட் இறங்கியது. அனல் காற்றில் அவர் குடை பறந்துபோய் முந்திரி மரத்தில் மாட்டிக்கொண்டது. கிட்டே போய், சூடு ஆறாத இறக்கையில் கைவைத்து நின்றார். சார்லஸ் படம் எடுத்தார். ஜெயராணி கேமராவை வாங்கிப் பார்த்தார்.

"ஒட்டுன மாதிரித்தாங்க இருக்கு. ஊரச் சொல்லிக் குத்தமில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்களும் இங்கிட்டு வந்து நில்லுங்க."

இப்போது இருவரும் முதல் பூசை முடிந்து நேரே அங்கேதான் போகிறார்கள். ஜெயராணி ஒரு சாக்குப் பழமிளகாய் கொண்டுபோய் ஜெட்டுக்குப் பின்னால் பரப்புகிறார், பத்தே நிமிடத்தில் சருகாகக் காய்ந்துவிடுகிறது. அந்தப் படம் அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. டீச்சரை வெட்டி ஒட்டியதில் ஓரம் கொஞ்சம் பிசிறு என்று போகிறவர்களெல்லாம் சொல்கிறோம், சார்லஸும் ஆமாம் என்கிறார். திரும்பும்போது ஆளுக்குக் கால் கிலோ ஜெட் வத்தல் வாங்கி வருகிறோம். நல்ல காரம்.