உதட்டுக்கு அடியில் தலைப்பிரட்டைகள்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. அக்காவிடமிருந்து கறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம்.

அக்கா பேத்தாலஜிஸ்ட். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கு எதுவானாலும் அவள் மேசைக்கு வரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்னதென்று எழுதி அனுப்புவாள். ஆளைப் பார்க்க மாட்டாள். ஆளின் துணுக்கோடு சரி. ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தவள், கழுவிய டம்ளரைத் துடைக்க எடுத்து, துடைப்பதை மறந்து ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். என்ன என்று கேட்டேன்.

"வேர்வைச் சுரப்பியில ஒரு கட்டிடா. பார்த்தா ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கு," என்றாள். "அதான் ஒரு மாதிரியா இருக்கு."

அப்போது நான் வேறொரு கதையில் இருந்தேன். அதில் கலங்கரை விளக்கமெல்லாம் இருந்தது. அதை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டேன். எழுதிக்கொள் என்ற அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது. கதைக்காரனிடம் இப்படிச் சொல்வது, மீனைக் கூப்பிட்டு நனையாதே என்பது போல.

2

தொடக்கத்துக்குச் செய்த முயற்சிகள்:

மைக்ரோஸ்கோப்பின் அடியில் ஊதா நிற ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருந்த

(வெட்டிவிட்டேன். "ஆறும் இல்ல, குளமும் இல்ல. கண்ணாடிடா. அதுல மிளகளவு தோல்," என்றாள் அக்கா.)

வேர்வை என்பது உடம்பு வாய்விட்டுச் சொல்லாத

(இதையும். கவிதை வாடை அடித்தது.)

நேராகவே சொல்லிவிடலாம். வேர்வைச் சுரப்பி ஒரு மெல்லிய குழாய். அடியில் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். அங்கிருந்து ஏறிவந்து தோலில் துளையாகத் திறக்கும். அந்தக் குழாயின் எந்த இடத்திலும் கட்டி முளைக்கலாம். இடத்துக்கும் வடிவத்துக்கும் தக்கபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அக்கா அவற்றை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். எனக்கு அவை கல்யாண வீட்டில் பார்க்கிற தூரத்து உறவு மாதிரி. முகம் தெரியும், முறை தெரியாது. பெரும்பாலானவை சாது. கொஞ்சம் வளர்ந்து, அலுத்துப்போய், அங்கேயே உட்கார்ந்துவிடும். மிகச் சிலவே புற்று. சிக்கல் என்னவென்றால் அந்தச் சிலவற்றிலும் சில, சாதுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். செல்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன்.

"முகத்தைப் பார்த்து முடிவு பண்ண மாட்டேன். ஓரத்தைப் பார்ப்பேன். நல்லது நின்ன இடத்துல நிக்கும். மிஞ்சிப்போனா பக்கத்துல இருக்கிறதைக் கொஞ்சம் தள்ளும். கெட்டது தள்ளாது. இடுக்குல நுழைஞ்சு போய்க்கிட்டே இருக்கும்."

3

அந்தத் துணுக்கு ஒரு பெண்ணின் மேலுதட்டுக்கு மேலிருந்து எடுத்தது. வயது நாற்பதுக்கு மேல். தோலோடு தோலாக ஒரு தடிப்பு; பல வருடங்களாக மெல்ல வளர்கிறது. அனுப்பிய சர்ஜன் இவ்வளவுதான் எழுதியிருந்தார்.

அக்காவின் அறையில் ஏ.சி. சத்தம் தூரத்துக் கடல்போல ஓயாமல் கேட்கும். பக்கத்து அறையில் துணுக்குகளை மெழுகில் பதித்துச் சீவுகிற டெக்னீஷியன் இருக்கிறார். எல்லாரும் அவரை மெழுகுக்காரர் என்பார்கள். அவர் சாயமேற்றிக் கொண்டுவந்து வைத்த ஸ்லைடில் அக்கா கண்ணைப் பதித்தாள். இளஞ்சிவப்பாக ஒரு வெளி, கடல் உள்வாங்கிய பிறகு மிஞ்சும் ஈர மணல் போல. அதில் அங்கங்கே ஊதாப் புள்ளிகள். லென்ஸை மாற்றியதும் புள்ளிகளுக்கு வால் முளைத்தது. தலையும் வாலுமாகக் குட்டிக் குட்டிக் குழாய்கள், நீந்தும்போதே யாரோ நில் என்று சொன்னதுபோல உறைந்த தலைப்பிரட்டைகள்.* பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாள். நேரம் போனதே தெரியவில்லை; மெழுகுக்காரர் கொண்டுவைத்த டீயின் மேல் ஆடை படர்ந்துவிட்டது.

இந்த வால்கள் இரண்டு வகைக் கட்டிகளுக்குச் சொந்தம். ஒன்று சாது: தோலின் மேல்மட்டத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். இன்னொன்று புற்று: மேலே பார்க்க அச்சு அசல் அதேதான், ஆனால் கொழுப்பு, தசை, நரம்பு என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். எது என்று தெரிய ஆழம் தெரிய வேண்டும். இந்தத் துணுக்கிலோ ஆழமே இல்லை. உதடாயிற்றே என்று சர்ஜன் மேலாகச் சுரண்டி எடுத்திருந்தார். வெட்டு விழுந்த கடைசி விளிம்பு வரை தலைப்பிரட்டைகள் இருந்தன. அதற்குக் கீழே வெறும் கண்ணாடி.

பார்த்த வரைக்கும் சாதுவாகத்தான் இருக்கிறது, ஆழம் தெரியாமல் முடிவு சொல்ல இயலாது, ஆழமாக இன்னொரு துணுக்கு தேவை என்று அக்கா எழுதினாள். சர்ஜன் போனில் கூப்பிட்டார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், அதனால் மரியாதை கொஞ்சம் குறைவு. ஒரு வார்த்தை கேட்டால் ஒரு பத்தி எழுதுகிறாயே என்றார். அந்த அம்மா உதட்டில் இன்னொரு முறை கத்தி வைக்க ஒப்ப மாட்டேன் என்கிறார், கட்டி சாது என்று எழுதிக் கொடுத்தால் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். கடைசியில், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல் என்றும் சொல்லிவிட்டார்.

"தெரியல," என்றாள் அக்கா. "அதைத்தான் எழுதியிருக்கேன்."

* தவளைக்குஞ்சு என்று எழுதியிருந்தேன். அக்கா தலைப்பிரட்டை என்று திருத்தினாள். இந்தக் கதையில் அவள் செய்த திருத்தங்களில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

4

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே நேரில் வந்தார்.

பேத்தாலஜிக்கு யாரும் தேடி வருவதில்லை. போர்டுகூட உள்பக்கம்தான் இருக்கிறது. கதவில் நின்று, "டாக்டரைப் பார்க்கணும், உள்ளே வரலாமா?" என்று அவர் கேட்டதும் அறை ஒரு கணம் அறையாக இல்லை. மெழுகுக்காரர் தன்னையறியாமல் பையை எடுக்கக் கை நீட்டினார். அந்தக் குரலை எல்லாருக்கும் தெரியும். இந்த நகரத்தில் ரயிலைப் பிடித்த, தவறவிட்ட ஒவ்வொருவர் காதிலும் விழுந்த குரல். ஸ்டேஷனில் எந்த ரயில் எங்கே நிற்கிறது என்று சொல்லும் அறிவிப்பாளர் அவர்.

[இந்த இடத்தில் அவருக்கு ஒரு கணவரை வைத்திருந்தேன். வராந்தாவில் குடையோடு உட்கார்ந்திருந்தார். "யாரும் வரலடா, தனியாத்தான் வந்தாங்க," என்றாள் அக்கா. கணவரை எழுப்பி அனுப்பிவிட்டேன். குடை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே சாய்ந்திருந்தது.]

தன் துணுக்கைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா யோசித்துவிட்டு, இருவர் ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ரோஸ்கோப்பில் எதிரே உட்காரவைத்தாள். இரண்டு பெண்கள், நெற்றிகள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ள, ஒரே இளஞ்சிவப்பு வெளிக்குள் இறங்கினார்கள்.

"இது நானா?"

"உங்க தோல். இந்த வால் வால்னு இருக்கிறது கட்டி."

"அழகா இருக்கே."

அக்கா ஆமாம் என்றாள். பிறகு ஓரத்துக்கு நகர்த்திக் காட்டினாள். இதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, அதுதான் தன் பிரச்சினை என்றாள். அறிவிப்பாளர் தன் பிரச்சினையைச் சொன்னார். வாய்தான் தன் சோறு. ஒரு தழும்பு இழுத்துக்கொண்டால் ஊர்ப் பெயர்கள் குழறும். பெயர் குழறினால் ஜனங்கள் தப்பான ரயிலில் ஏறுவார்கள். பேச்சோடு பேச்சாக மெழுகுக்காரர் வைத்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். அக்காவும் தன்னுடையதை எடுத்தாள். சூடு தாங்காமல் டக்கென்று கீழே வைத்துவிட்டாள்.

"உங்களுக்குச் சுடலையா?"

"இந்தப் பக்கம் சூடு அவ்வளவா தெரியாது. கொஞ்ச நாளா மரத்த மாதிரி இருக்கும். அதுக்கு என்ன?"

அதை ஏன் சர்ஜனிடம் சொல்லவில்லை என்று அக்கா கேட்டாள். சர்ஜன் அதைக் கேட்கவில்லை, வலிக்கிறதா என்றுதான் கேட்டார், வலிக்கவில்லையே என்றார் அறிவிப்பாளர்.

மேலே மிதக்கிற கட்டி உதட்டை மரக்கச் செய்யாது. நரம்பைத் தொட்டது எதுவோ, அதுதான் செய்யும். அக்கா இதை ஒளிக்காமல் சொன்னாள். அறிவிப்பாளர் திரும்ப லென்ஸில் கண் வைத்து, அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, ஆழமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றார்.

5

அதற்கு முந்தின இரவு அக்கா ஒரு கனவு

(இல்லை. அவளுக்குக் கனவு வந்ததாக எனக்குத் தெரியாது. வந்திருந்தால் நன்றாயிருக்கும்.)

இரண்டாவது துணுக்கு வந்தது. மெழுகுக்காரர் அதை இழை இழையாகச் சீவினார். அக்கா மேலிருந்து மெதுவாக இறங்கினாள். தோலில் தலைப்பிரட்டைகள். அதற்குக் கீழே அவை இளைத்து, வெறும் கோடுகளாகி, கொழுப்பின் நுரைக்கு நடுவே புகுந்து போயின. தசைக்குள்ளும் இருந்தன. எங்கேயும் அவசரமில்லை, சண்டையில்லை. தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி நடந்திருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், குறுக்கே வெட்டுப்பட்ட நரம்பு ஒன்று வெளிறிய வட்டமாகத் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு தலைப்பிரட்டை வளைந்து படுத்திருந்தது, குளிருக்கு ஒண்டிக்கொண்ட மாதிரி.

அக்கா கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தாள். தான் நினைத்தது சரியாகிவிட்டதில் துளிக்கூட மகிழ்ச்சி இல்லை என்றாள் என்னிடம். சர்ஜனுக்குச் சொன்னாள். அவர் இம்முறை வாதாடவில்லை. அந்த அம்மாவிடம் நானே சொல்கிறேன், வரச்சொல்லியிருக்கிறேன் என்றார். அதற்குள் அறிவிப்பாளரே அக்காவைப் போனில் கூப்பிட்டுவிட்டார்.

இத்தனை வருடத்தில் அக்கா எந்த நோயாளி காதிலும் இப்படியொரு செய்தியைச் சொன்னதில்லை. தாளில் எழுதித்தான் பழக்கம். சர்ஜன் விவரமாகச் சொல்வார் என்று நழுவப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க டாக்டர். ரயில் வராதுன்னா வராதுன்னு சொல்றதுதான் என் வேலை. வராததை வரும்னு சொன்னதில்ல. எனக்கும் யாராவது அப்படிச் சொல்லட்டும்."

அக்கா சொன்னாள். புற்றுதான். மெதுவான வகை. உடம்பின் மற்ற இடங்களுக்குப் போவது அபூர்வம். ஆனால் இருக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிட அகலமாக, ஆழமாகப் பரவியிருக்கும்; முழுதாக எடுக்க வேண்டும். போனின் பின்னணியில் எங்கோ ஒரு ரயில் நிற்காமல் கடந்துபோனது. பிறகு அந்தக் குரல், எந்த நடுக்கமும் இல்லாமல், "தகவலுக்கு நன்றி," என்றது. பழக்க தோஷம்.

அக்கா போனை வைத்துவிட்டு அழுதாள். இதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.

6

அறுவை பகலெல்லாம் நடந்தது. உதடு மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு படலம் வெட்டுவார்கள். வெட்டியதை ஓரத்துக்கு ஒரு நிற மை பூசிப் பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள். அக்கா அதை உறையவைத்துப் பார்த்து, எந்த நிறத்து ஓரத்தில் இன்னும் வால் இருக்கிறது என்று சொல்வாள். அந்தப் பக்கம் மட்டும் இன்னொரு படலம். அதுவரை அறிவிப்பாளர் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு, விழித்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா அவர் முகத்தின் வரைபடத்தில் பச்சைக் கரையையும் நீலக் கரையையும் தேடிக்கொண்டிருந்தாள். பச்சை விரைவில் சுத்தமானது. நீலம் பிடிவாதம் பிடித்தது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வால் எங்காவது தெரிந்தது. "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லியனுப்பும்போதெல்லாம் தன் உதட்டைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாளாம்.

வெயில் சாயும் நேரத்தில் நீலமும் சுத்தமானது. மேலுதட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருந்தது. சர்ஜன் கன்னத்திலிருந்து சதையைத் திருப்பி இடத்தை நிரப்பினார். அவர் கை நல்ல கை என்று அக்கா இரண்டு முறை சொன்னாள்.

அந்த வாரம் அக்கா ரயில் ஏறப் போனாள். ஸ்டேஷனில் அதே குரல் ஊர்களையும் எண்களையும் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் இல்லாததால், முன்பு பதிவு செய்து வைத்த சொற்களை ஒட்டிப் போடுகிறார்கள். குரலுக்குச் சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில், வாயில் தையலோடு, பேசாமல், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அக்கா தன் ரயில் வந்து போனதைக் கவனிக்கவில்லை.

7

முடிவு. மூன்று எழுதினேன். ஒன்றில் அறிவிப்பாளர் மைக்குக்குத் திரும்புகிறார், பிளாட்பாரமே நிமிர்ந்து பார்க்கிறது. இன்னொன்றில் வேறு பிரிவுக்கு மாறி, பேசாத வேலை ஒன்றில் அமைதி காண்கிறார். மூன்றாவதில், இந்தக் கட்டி பல வருடம் கழித்தும் திரும்புவதுண்டு என்பதால்

(அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

மூன்றையும் அக்கா தள்ளிவிட்டாள். "ஓரம் சுத்தமா இருக்குன்னு எழுதுவேன். குணமாயிடுச்சுன்னு எழுத மாட்டேன். அதை நாள்தான் சொல்லணும்."

அக்கா சொல்லிக் கேள்விப்பட்டு, நான் எழுதியதைப் பார்க்க வேண்டும் என்றார் அறிவிப்பாளர். அக்கா வீட்டில் சந்தித்தோம். தழும்பு மூக்கோரத்திலிருந்து இறங்கி வளைந்திருந்தது. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது, உதடு ஒட்ட வேண்டிய எழுத்துகள் தவிர. 'ப' வரும்போது ஒரு பக்கம் காற்று கசிந்தது. 'ம' பாதியில் நின்றது. "அம்மா" என்ற சொல்லை அவர் சுற்றிக்கொண்டு போவதைக் கவனித்தேன்.

பழைய புலவர்கள் உதடு ஒட்டாமலே பாடக்கூடிய செய்யுள் செய்திருக்கிறார்கள். நானும் கெட்டிக்காரத்தனமாக, அவருக்கென்று அப்படி ஒரு கடைசிப் பத்தி எழுதி வைத்திருந்தேன்:

இதோ, ரயில் நிற்கிறது. ஏறிக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரத்தில் இருக்கை காலியாக இருக்கிறது. எங்கே இறங்கினால் என்ன.

அவர் அதை அட்சரம் பிசகாமல், அந்தப் பழைய குரலில் படித்தார். அறை முழுக்க அது நிறைந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். படித்து முடித்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சிரித்தார்.

"என் வாய்க்கு அளவெடுத்துத் தைக்காதீங்க தம்பி. எல்லா எழுத்தும் போட்டு எழுதுங்க. வர்றது வரட்டும்."

நான் தாளைத் திருப்பி, ஒட்ட வேண்டிய எழுத்தெல்லாம் போட்டு ஒரு வரி எழுதி நீட்டினேன். அவர் வாங்கினார். ஒரு முறை மனதுக்குள் படித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடுகளை ஒன்றோடொன்று வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டார்.

அவர் படித்ததை நான் கேட்டேன். எப்படிப் படித்தார் என்பதை எழுதப் போவதில்லை. வரி இதோ. கதவைச் சாத்திவிட்டு, நீங்களே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், உதடு படும் இடத்திலெல்லாம் கொஞ்சம் நின்று:

பயணிகளின் அன்பான கவனத்துக்கு: மேற்கு முனை போகும் பயணிகள் ரயில், முதலாம் நடைமேடையிலிருந்து இன்னும் சில நிமிடங்களில் புறப்படும்.