டேப்பு கட்டிய முதலுதவிப் பெட்டி

சரக்கைப் பெட்டியில் கட்டி அனுப்புகிற வேலை பார்த்த கிடங்கில் அவனுக்கு 'டேப்பு' என்றுதான் பெயர். ஒரு சுற்று டேப் போதும் என்கிற இடத்தில் மூன்று சுற்று ஒட்டுவான். கண்ணாடியோ பீங்கானோ, அவன் கட்டிய பெட்டிக்குள் எதுவும் உடைந்ததாக ஒரு புகார் வந்ததில்லை. பெட்டியைப் பிரிக்கவே முடியவில்லை என்று நிறையப் பேர் புலம்பியிருக்கிறார்கள். அதை அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். மனுஷன் அப்படி!

இப்பேர்ப்பட்டவன் ரத்தத்தைக் கண்டால் மட்டும் சுருண்டுவிடுவான். மகள் வாலுவுக்கு முதல் பால்பல் விழுந்த அன்று, பல்லுக்கு முன்னால் அப்பா விழுந்தான்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆபரேஷன் தியேட்டர் பயிற்சிக்கு வெளியூர் போக வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவைதான் கிடைத்தது. ஆறு வாரம். குதித்துக்கொண்டு சொல்ல வேண்டிய செய்தியை, செருப்பைக் கழற்றிக்கொண்டே அலுப்பாகச் சொன்னாள்.

"திங்கக்கிழமை பதில் சொல்லணும். வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"ஏன்? இதுக்குத்தானே இத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்தே!"

"வாலு ஒரு நாளாவது விழாம இருப்பாளா? நான் இல்லாதப்ப அடிபட்டா அவளை யார் பாக்கறது, உங்களை யார் பாக்கறது?"

டேப்புவுக்குச் சுருக்கென்றது. எதிர்த்துப் பேசலாம் என்றால் அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தன்னால் அவளுடைய வாய்ப்பு போகிறதே என்று ராத்திரி முழுக்கப் புரண்டான்.

சனிக்கிழமை மருந்துக்கடைக்குப் போய் நின்றான். நர்ஸ் வீடு என்றுதான் பேர். சமையலறை டிராயரில் காய்ந்துபோன ஒரு களிம்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. பஞ்சு, காஸ் துணி, சுருள் பேண்டேஜ், பிளாஸ்திரி, கிருமிநாசினி, கையுறை, முள் எடுக்கிற இடுக்கி, தெர்மாமீட்டர், கத்தரிக்கோல் என்று எல்லாம் வாங்கினான். ஒவ்வொன்றையும் காற்றுக்குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கினான். மூடிமேல் மூன்று சுற்று டேப். கிடங்கில் கேட்டு வாங்கி வந்த, சரக்குப் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையை அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டி, 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறியும் போட்டான். வாலு அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்து, "ஸ்ட்ராங்கா இருக்குப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். "பாத்தியா? மொட்டை மாடியிலேருந்து போட்டாலும் ஒண்ணும் ஆகாது. நீ தைரியமா போயிட்டு வா."

மனைவி பெட்டியைச் சுற்றி வந்தாள். "இது முதலுதவிப் பெட்டியா, இல்ல கப்பல்ல ஏத்தற சரக்கா? சரி, இப்ப வாலுவுக்கு முட்டியில அடி. திறங்க பாப்போம்."

டேப்பு நகத்தால் சுரண்டினான். ஓரம் கிடைக்கவில்லை, அவன் ஒட்டினால் எப்படிக் கிடைக்கும்? பட்டையை வெட்டக் கத்தரிக்கோல் தேடினான். டிராயரை இழுத்தான், அலமாரியைக் குடைந்தான். பிறகு மெதுவாகத் திரும்பிப் பெட்டியைப் பார்த்தான்.

"உள்ளேயா?" என்றாள் மனைவி.

"உள்ளேதான்."

வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதைதான். "முட்டி இந்நேரம் தானா ஆறியிருக்கும். தள்ளுங்க!" என்று மனைவி சமையலறைக் கத்தியை எடுத்துவந்து பட்டைக்கு அடியில் நுழைத்து அழுத்தினாள். ஆனைக்கும் அடி சறுக்கும். கத்தி வழுக்கி இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது.

ரத்தம் மேசையில் சொட்டியது. டேப்புவின் முகம் வெளுத்தது. போச்சுடா, விழப்போகிறான் என்று அவள்கூட நாற்காலியைக் கண்ணால் தேடினாள்.

அவன் விழவில்லை. "வாலு! அலமாரி மேல்தட்டுல துவைச்ச கர்ச்சீப் இருக்கு, ஓடு!" என்று கத்தினான். அதை மடித்து வெட்டின் மேல் வைத்து அழுத்தினான். மனைவியை உட்காரவைத்து, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிடி மட்டும் தளரவில்லை.

"கொஞ்சம் எடுங்க, ஆழமான்னு பாக்கறேன்."

"எடுக்கக் கூடாது. எடுத்து எடுத்துப் பாத்தா நிக்கற ரத்தமும் நிக்காது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இது யார் சொன்னது?"

"நீதான். தச்சர் ஒருத்தர் கையை வெட்டிக்கிட்டு வந்தப்ப, அவரோட மச்சான் துணியை எடுத்து எடுத்துப் பாத்தான்னு சாப்பிடும்போது திட்டினியே. கையை மேலே தூக்கணும்னு, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா கையில வெட்டுப்பட்டு வந்த அன்னிக்குச் சொன்னே."

தினமும் சாப்பாட்டு வேளையில் வார்டுக் கதையை அவள் கொட்டித் தீர்ப்பாள். அவன் தட்டைவிட்டு நிமிராமல் 'ம்' போடுவான். செவிடன் காதில் ஊதின சங்கு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அப்ப நான் பேசறதை எல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"பின்னே? ரத்தக் கதையா இருக்கேன்னு நிமிராம கேப்பேன். நிமிர்ந்தா தலை சுத்தும்."

அவள் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, ரொம்ப வலிக்குதா?" என்று பதறினான்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. பேசாம பிடிங்க."

ரத்தம் நின்றது. பெரிய வெட்டு இல்லை, தையல் தேவையில்லை என்று அவளே பார்த்துச் சொன்னாள். குழாய்த் தண்ணீரில் கழுவி, இன்னொரு துவைத்த கர்ச்சீப்பால் ஒரே சுற்று, இறுக்காமல், அவிழ்க்க வசதியாக ஒரு முடிச்சுப் போட்டான் டேப்பு. அப்புறம்தான் மேசையில் கிடந்த சிவப்புக் கர்ச்சீப் அவன் கண்ணில் பட்டது. சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"இப்ப நான் விழலாமா?" என்று கேட்டான்.

"தாராளமா விழுங்க," என்றாள் மனைவி, நாற்காலியில் கிடந்த தலையணையை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே. "ஆறு வாரத்துக்கும் சேத்து இப்பவே விழுந்துக்குங்க. நாளைக்குப் பயிற்சிக்கு வர்றேன்னு சொல்லப்போறேன்."