டாரில் ஸ்கோபியின் ஒன்றரைக் கட்டை

1

இந்தக் கதையை எழுத நான் துணிந்ததற்கு ஒரே காரணம், இதில் வருகிற டாரில் ஸ்கோபிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் துணிச்சலின் அளவு அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் எங்கள் ஊர் ஜீலாங்கில் யாராவது அவருக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள். பிறகு இங்குள்ள முன்னாள் படைவீரர் கிளப்பின் ஒலிப்பலகைக்குப் பின்னால் நான் உட்கார முடியாது.

இருபத்தாறு வருடமாக அங்கே ஒலி பார்க்கிறவன் நான். பெயர் சேரலாதன். முதல் வாரமே அதை 'செர்ரி' ஆக்கிவிட்டார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கொரியோ விரிகுடாவின் மேல் மேகம் கவிந்திருந்த ஒரு மாலையில், கிடார்க் கலைஞர் நோயல் பெட்டிஃபர் கனத்த மனத்தோடு தன்'

வேண்டாம். நோயலுக்குக் கனத்த மனமெல்லாம் கிடையாது. இடுப்பெலும்பு ஒன்றை மாற்றியிருக்கிறார்கள், அதுதான் கனம். அடுத்த முயற்சி:

'பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நோயல் பெட்டிஃபர் தன் கிடாரின் சுருதியை அரைக் கட்டை இறக்கினார். டாரில் ஸ்கோபியிடம் மட்டும் சொல்லவில்லை.'

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3

இருவரும் 'ரஸ்ட்டி கேட்' என்ற ராக் குழுவைச் சேர்ந்தவர்கள். நோயல் கிடார், டாரில் பாட்டு. 1978-இல் 'துறைமுகத்துச் செவ்வாய்' என்று ஒரு பாட்டு போட்டார்கள். அதன் கடைசி வரியில் டாரில் ஓர் உச்ச ஸ்வரத்தில் ஏறி ஒன்பது விநாடி அங்கேயே நிற்பார். அந்த ஒன்பது விநாடியை வைத்துக்கொண்டுதான் நான்கு பேர் நாற்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியிருக்கிறார்கள். முதலில் பெரிய அரங்குகள், பிறகு பப்கள், இப்போது திராட்சைத் தோட்டத்து மதிய விருந்துகள், உல்லாசக் கப்பல், எங்கள் கிளப்.

கச்சேரி முடிந்ததும் டாரில் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்வார்.

"மத்தவனெல்லாம் சுருதிய எறக்கிட்டான். நான் ரெக்கார்டுல எங்க நின்னேனோ அங்கயேதான் இன்னும் நிக்கிறேன்."

அந்த நேரத்தில் நோயல் குனிந்து கிடார்ப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருப்பார். ஏற்கெனவே பூட்டிய பெட்டி அது.

நடந்தது இதுதான். அறுபது வயதில், பல்லாரட் பக்கம் ஒரு தோட்டத்தில், அந்த ஸ்வரத்தில் டாரிலின் குரல் உடைந்தது. வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். "அவ்ளோதான்டா, இனிமே பாடமாட்டேன்" என்றார். கட்டிய மனைவி விட்டுப்போனபோதுகூட அப்படி உட்காராத ஆள். அடுத்த சனிக்கிழமை நோயல் தந்திகளைத் தளர்த்தினார். பேஸ் கிடார்க்காரரும் தளர்த்தினார். டிரம்ஸ் வாசிக்கிற க்ளெனிஸ், "எனக்கென்ன, அடிக்கிறதுதானே என் வேலை" என்றாள். டாரில் பாடினார். ஒன்பது விநாடி நின்றார். இறங்கி வந்து, "போன வாரம் வெறும் சளிடா" என்றார்.

நான்கு வருடம் கழித்து இன்னொரு அரை. கொரோனாவுக்குப் பிறகு இன்னொன்று. ஆக ஒன்றரைக் கட்டை.

(ஒரு சந்தேகம். ஒரு பாடகனுக்கு இது தெரியாமலா போகும்? என் மனைவியும் இதைத்தான் கேட்டாள். ஐம்பது வருடம் பெரிய ஒலிபெருக்கிகள் முன்னால் நின்ற காது அது என்றேன். "காது சரி, தொண்டைக்குத் தெரியாதா?" என்றாள். பதில் இல்லாததால் அடைப்புக்குறிக்குள் போட்டு வைக்கிறேன்.)

4

வினையை டாரிலே விலைக்கு வாங்கினார். பாட்டுக்கு நாற்பத்தைந்தாம் ஆண்டு விழா, வருகிற ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. அதற்கு ஊரின் பித்தளை வாத்தியக் குழுவைக் கூப்பிட்டுவிட்டார். 1979-இல் ஓர் ஊர்வலத்துக்காக அந்தப் பாட்டை அவர்கள் வாசித்திருக்கிறார்கள். அதன் ஸ்வரத் தாள்கள், பழைய சுருதியில், அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

"ஒரு எழுத்து மாத்த வேண்டாமாம்" என்றார் டாரில், ஒவ்வொரு மேசைப் பக்கமும் நின்று.

கிடாரின் முறுக்காணியைத் திருகினால் சுருதி இறங்கும். பித்தளைக் குழலில் எதைத் திருகுவது? நோயல் குழுத் தலைவி பெரில் டோங்கினைப் போய்ப் பார்த்தார். பெரில் பல் மருத்துவர். வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர், சுற்றி வளைக்க மாட்டார்.

"எறக்கி எழுதறது எனக்கு அரை நாள் வேலை. ஆனா பாடறவருக்குத் தெரியாம சுருதியத் தொடமாட்டேன்."

"தெரிஞ்சா பாடறதையே விட்டுடுவான், பெரில்."

"தெரியாம நின்னா எண்ணூறு பேர் முன்னாடி விட்டுடுவாரு. எது தேவல? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அவரே எனக்கு போன் பண்ணட்டும். இல்லேன்னா பழைய தாள்தான்."

5

இந்த இடத்தில் நோயல் எல்லாவற்றையும் சொல்ல, இரண்டு கிழவர்களும் கட்டிக்கொண்டு அழுகிற காட்சி ஒன்றை எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. நடக்காததால் அடித்துவிட்டேன்.

நடந்தது வேறு. இன்று வெள்ளி. கிளப்பில் ஐந்து மணிக்குக் கறித்தட்டைப் பரிசாகக் கொடுக்கிற சீட்டுக் குலுக்கல். நோயல் இரண்டு பியரோடு போய் டாரில் எதிரே உட்கார்ந்தார்.

"டாரில், ஒண்ணு சொல்லணும்டா."

"சொல்லு."

"கோவப்படக் கூடாது."

"பச்சை நாற்பத்தேழு" என்றது ஒலிபெருக்கி. டாரில் தன் சீட்டைப் பார்த்தார், எழுந்தார், இரண்டு கையையும் தூக்கினார். ஆறு வருடமாகச் சீட்டு வாங்கி இன்றுதான் விழுந்திருக்கிறது. ஆட்டுத் துண்டம், சாசேஜ், பன்றிக்கறி எல்லாம் வைத்த தட்டோடு ஆளே பத்து வயது குறைந்து திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமைக்கு நல்ல சகுனம்டா. ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. சாசேஜ் ரெண்டு குடு."

பிறகு நோயல் நேராக என் மேசைக்கு வந்தார்.

"நீதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கியே. நீயே சொல்லிடு."

"நான் எழுதினது தமிழ்லங்க."

"அது உன் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார், சாசேஜோடு.

6

முடிவுகள்.

(அ) டாரிலுக்கு முதலிலிருந்தே தெரியும். இதை நீங்கள் மூன்றாம் பகுதியிலேயே எழுதி முடித்திருப்பீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. தெரிந்தவரால் அந்த வாக்கியத்தை அத்தனை சந்தோஷமாகச் சொல்ல முடியாது.

(ஆ) பழைய சுருதியிலேயே ஏறி நின்றுவிடுகிறார். வயது எழுபத்தொன்று. நான் கதை எழுதுகிறவன், வைத்தியன் இல்லை.

(இ) குரல் உடைகிறது, கூட்டம் சேர்ந்து பாடி அவரைக் காப்பாற்று

நிறுத்துகிறேன். டாரில் வந்து என் எதிரே உட்கார்ந்துவிட்டார், மடியில் கறித்தட்டு.

"என்ன தம்பி எழுதற? கோழி கிளறின மாதிரி இருக்கு."

"கதை."

"நான் இருக்கேனா?"

இருக்கிறீர்கள் என்று தாளின் முதல் பத்தியில் அவர் பெயரைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சுழியாக விரலால் தடவிப் பார்த்தார். இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒலிபெருக்கி வேலை செய்யாத நாளிலும் என் தோளைத் தட்டாமல் போனதில்லை.

விரல் தாளில் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது.

"இங்கயும் அதே எழுத்து. இதுவும் என் பேர்தானே?"

"ஆமா."

"பாட்டப் பத்தியா?"

"ஆமா."

"படி. ஞாயித்துக்கிழமை மேடையேறறதுக்கு முன்னாடி கேட்டா தெம்பா இருக்கும்."

மணி ஐந்து நாற்பத்திரண்டு. ஆறு மணிக்குக் கிளப்பில் விளக்கைக் குறைத்து, போரில் செத்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து நிற்போம், யாரும் பேசமாட்டோம். அதுவரை இழுத்தடிக்கலாம் என்று பார்த்தேன். பெரிலின் தொலைபேசியும் அதுவரைதான் காத்திருக்கும்.

அவர் விரல் இருக்கிற வரி இரண்டாம் பகுதியில் இருக்கிறது. உங்களுக்குத் தமிழ் தெரியும். அவர் என்னைப் பார்க்கிறார், நான் உங்களைப் பார்க்கிறேன். படித்துச் சொல்லுங்கள்.