உறையில் இல்லாத இரண்டு யாழ்கள்

1971ஆம் வருஷத்து பிராக் நகரத்தில் எந்தப் பட்டியலையும் ஜனங்கள் இரண்டு முறை படிப்பார்கள். முதல் முறை, யார் இருக்கிறார்கள் என்று. மறுமுறை, யார் இல்லை என்று. பட்டியல் போடுகிற அதிகாரிகளும் இதே ஊர்க்காரர்கள்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது எப்படித்தான் மறந்துபோகுமோ!

இசைத்தட்டுக் கம்பெனி ஹவ்ரானெக்கும் மறந்திருந்தார். யாழ் வாசிக்கும் பிளாஷெனாவை வரவழைத்து, அடிமண்டியோடு ஒரு காபி கொடுத்து, தட்டின் உறைக்கான அச்சுப்படியை நீட்டினார். 1939இல், ஜெர்மன்காரன் ஊருக்குள் புகுந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில், தாய்நாட்டைப் பற்றிச் செக் மேதை ஒருவர் வாத்தியங்களுக்கு எழுதிய ஆறு இசைக்கவிதைகளையும் அவளுடைய இசைக்குழு மேடையில் வாசித்தது. அரங்கமே எழுந்து நின்று அழுதுகொண்டு கைதட்டியது. அன்று வானொலிக்காரர்கள் பதிவுசெய்தது இப்போதுதான் இசைத்தட்டாக வரப்போகிறது, வாசித்த அத்தனை பேரின் பெயரோடும்.

பிளாஷெனா தன் பெயரைத் தேடிப் பிடித்தாள். ‘யாழ்: பிளாஷெனா வ்ரானோவா.’ தனியாக நின்றது. வாழ்நாள் முழுக்க இரண்டாம் யாழாகவே காலம் தள்ளியவளுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், குளிரத்தான் செய்தது. அப்புறம்தான் உறைத்தது.

“ஹெர்மினா எங்க?”

ஹெர்மினாதான் முதல் யாழ். மூன்று வருஷம் முன்பு ரஷ்ய டாங்கிகள் ஊருக்குள் வந்தபோது மகனோடு வியன்னாவுக்குப் போய்விட்டாள். அப்படிப் போனவர்களின் பெயர் அச்சேறக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

“உங்களுக்குத் தெரியாததா தோழரே? நமக்கு எதுக்கு வம்பு? உங்க பேர் தனியா, எடுப்பா வருது. சந்தோஷப்படுங்க.”

“முதல் கவிதையே யாழ்லதான் ஆரம்பிக்குது. ஊசியை வெச்சதும் எங்க ரெண்டு பேரைத் தவிர வேற சத்தமே இல்ல. அவ ஒரு பிடி, நான் ஒரு பிடி. எனக்கென்ன நாலு கையா?”

“ஜனங்க அவ்வளவு உன்னிப்பா கேக்க மாட்டாங்க.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அழுத ஜனங்களையா சொல்கிறான், இந்தச் செவிட்டு மனுஷன்?

“ஜெர்மன்காரன் ஆண்டப்பக்கூட நிகழ்ச்சித்தாள்ல எங்க ரெண்டு பேர் பேரும் இருந்துச்சு. அவனே கை வைக்காத பேரை நீங்க அடிக்கிறீங்க. வெக்கமா இல்ல?”

ஹவ்ரானெக் கதவைப் பார்த்தார். “மெதுவாப் பேசுங்க.”

“அப்போ என் பேரையும் அடிங்க.”

“அடிச்சுட்டு? யாழ் யார் வாசிச்சதுன்னு போடுறது?”

“தானா வாசிச்சுக்கிச்சுன்னு போடுங்க!”

மேஜையில் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்துத் தன் பெயர்மேல் இழுத்தாள். தாள் கிழிந்தது. இனி ஒரு தட்டிலும் அவள் பெயர் வராது என்று அவர் கத்தியபோது அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

இலையுதிர்காலத்தில் தட்டு வெளிவந்தது. பிளாஷெனா கடைக்குப் போனபோது வரிசை தெரு வரைக்கும் நின்றது. விற்பனைக்காரி ஒரு தட்டைச் சுழலவிட்டாள். முதல் யாழ், பின்னால் இரண்டாம் யாழ். கடை அமைதியானது. முன்னால் நின்ற ஒரு பெண் உறைமேல் விரலை ஓட்டிப் பட்டியலைப் படித்தாள். மறுபடியும் மேலேயிருந்து படித்தாள்.

“முக்கோணக் கம்பியைத் தட்டுனவன் பேர்கூட இருக்கு. யாழ் யாருன்னு போடலையே?”

பக்கத்தில் நின்ற கிழவர் குரலைத் தாழ்த்தினார். “தட்டைக் கேளும்மா, ரெண்டு பேர் வாசிக்கிறாங்க. ஒருத்தி நாட்டை விட்டுப் போயிருப்பா.”

“சரி, இன்னொருத்திக்கு என்ன?”

“அவளுக்குக் கோவம் வந்திருக்கும்.”

“ஆமா, வந்துச்சு,” என்றாள் பிளாஷெனா, கடை முழுக்கக் கேட்கும்படி. “இன்னும் அடங்கல.”