கப்பல் ஆக்களின் வழி

காலை பத்து மணிக்கு மழை விட்டது. கேதீஸ்வரி வள்ளத்துக்குள் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பறை தொடங்கியிருந்தது. அம்மா பெட்டிக்குள் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை கப்பல் ஆக்களை ஏற்றி இறக்கிவிட்டு வந்து, சோறு தின்று, பாயில் சரிந்தவள் எழும்பவில்லை. சின்னத்தங்கம் யாரையும் கஷ்டப்படுத்தவில்லை என்று ஊர் சொன்னது. ஊருக்கு அவளைப் பற்றிச் சொல்லக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

அம்மாவின் தமையன் நல்லரத்தினம் கரைக்கு வந்தார். பின்னால் கேதீஸ்வரியின் தம்பி சுதாகரன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறவன்.

“தாம்போதி ரோட்டுக்கு மேலால தண்ணி பாயுது. டிரக்டர் போகாது,” என்றார் மாமா. “ஆத்தாலதான் கொண்டுபோகோணும்.”

“தெரியும் மாமா. அதான் இறைக்கிறன்.”

“இறைச்சிட்டு வீட்ட போ புள்ள. சுதா ஓட்டுவான்.”

சுதாகரன் எஞ்சினைப் பார்த்தான். பிறகு, ஊரார் ஆறு என்கிற வாவியைப் பார்த்தான். வாடைக்காற்றில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

“நான் ஓட்டினா அம்மா இன்னொருக்காச் சாவா, மாமா.”

“விசர்க் கதை கதைக்காத.”

“அக்கா ஓட்டட்டும்.”

“பொம்புளையள் சுடலைக்குப் போறதில்ல.”

அப்பாவைக் கொண்டுபோன நாளிலும் மாமா இதையே சொன்னார். அன்று கேதீஸ்வரிக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் அவளும் இந்தக் கரையில் நின்று, தோணி சிறிதாவதைப் பார்த்தார்கள். மாமா திரும்பி வந்து, எல்லாம் முடிந்தது என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாளாக அவள் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தன் கையால் மண் போட வேண்டும்.

“நான் சுடலைக்குப் போகல்ல மாமா. வள்ளம் ஓட்டுறன். வள்ளம் போற இடத்துக்கு நான் போறன்.”

“ஓட்டுறதுக்கு வேற ஆளில்லையா?”

“எல்லாரும் கப்பலுக்குப் போயிட்டாங்க. இண்டைக்கு ரெண்டு பஸ்.”

திருகோணமலையில் உல்லாசக் கப்பல் கட்டினால் வெளிநாட்டு ஆக்கள் பஸ்களில் வருவார்கள். வள்ளத்தில் ஏறிக் கண்டல் மரங்களையும் கொக்குகளையும் பார்த்துவிட்டு, அக்கரையில் செங்கல்மேட்டில் இறங்குவார்கள். அங்கே முறிந்த கல்தூண்கள் இருந்தன. ஒரு படிக்கட்டு இருந்தது. அது எங்கும் ஏறிப் போகவில்லை. யார் கட்டியது என்று கேட்டால், “எனக்கு முந்தின ஆக்கள்,” என்பாள் அம்மா. செங்கல்மேட்டுக்கு வழி ஒன்றுதான். அது சுடலைக்குள்ளால் போனது.

அந்த வழியில் கேதீஸ்வரி போனதில்லை. எட்டு வருடமாக அம்மா கூட்டத்தை மேலே கொண்டுபோவாள். இவள் கரையில் நிற்பாள். ஆராவது வள்ளத்தோட நிக்கோணும் என்பாள் அம்மா.

மாமா காற்றைப் பார்த்தார்.

“சரி. ஓட்டு. அங்க கரையோட நிண்டுக்க. வள்ளத்த விட்டு இறங்கப்படாது.”

அவள் தண்ணீர் இறைத்த கலனைக் கீழே வைத்தாள்.

பெட்டியைக் குறுக்குப் பலகைகளில் ஏற்றினார்கள். பெண்கள் முழங்கால் தண்ணீர் வரை வந்து அழுதார்கள். ஆண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். கேதீஸ்வரி செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கிகளை எடுத்து ஒவ்வொருவர் மடியிலும் போட்டாள்.

“இதென்ன?” என்றார் மாமா.

“ஜாக்கெட். போடுங்க.”

“செத்த வீட்டுக்கா?”

“இந்த வள்ளத்தில ஏறினாப் போடோணும். அம்மாட சட்டம். கப்பல் கப்டனே போட்டவர்.”

“நான் பொறந்ததே இந்த ஆத்தில.”

“போடுங்க மாமா. போட்ட மறுகாத்தான் எஞ்சின் இழுப்பன்.”

வெற்று மார்பில், வெள்ளை வேட்டிக்கு மேல், மாமா செம்மஞ்சள் அங்கியை மாட்டினார். கொளுக்கி விழவில்லை. அவள் குனிந்து பூட்டிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சுதாகரன் பெட்டியைத் தடவினான்.

“அம்மாக்கு?”

“அம்மாக்கு நீந்தத் தெரியும்.”

அப்போது சிரித்தார்கள். மாமாவைத் தவிர எல்லோரும்.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது.

நடு வாவியில் அலை பக்கவாட்டில் அடித்தது. அவள் முகப்பைக் காற்றுக்குக் கொடுத்து, அலை தூக்கும்போது விட்டு, இறங்கும்போது பிடித்தாள். பெட்டி அசையவில்லை. மாமா விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் உதடுகள் முருகனைக் கூப்பிட்டன.

எதிரே, இன்னொரு வள்ளக்காரர் அப்துல் கபூரின் வள்ளம் வந்தது. இரண்டாவது பஸ் ஆக்கள் அதில் இருந்தார்கள். பெட்டியைக் கண்டதும் கபூர் எஞ்சினை நிறுத்தினார். எழும்பி, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு நின்றார். அவரைப் பார்த்து வள்ளத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

“ஆருக்குப் புள்ள இதெல்லாம்?” என்றார் மாமா, காற்றுக்கு மேலால்.

“அம்மாக்கு.”

அக்கரையில் அம்மா போட்டு வைத்த பலகைகளை வெள்ளம் அப்போதுதான் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆண்கள் குதித்தார்கள். முழங்கால் வரை சேறு விழுங்கியது. பெட்டியின் முன்பக்கம் சரிந்தது.

“பிடி, பிடி,” என்றார் மாமா. அவரே இடுப்பளவு போயிருந்தார்.

கேதீஸ்வரி நங்கூரத்தைப் போட்டாள். இறங்கினாள். கண்டல் வேர் ஓடுகிற பக்கமாக நடந்து வந்து, முன் மூலைக்குத் தோளைக் கொடுத்தாள். பெட்டி நிமிர்ந்தது.

“என்ட அடியப் பாத்து வாங்க.”

மாமா வாயைத் திறந்தார். வள்ளத்தைக் காட்ட அவருக்குக் கை ஒழியவில்லை. அவள் வைத்த இடத்தில் கால் வைத்து வந்தார்.

மேட்டில் ஏறியதும் மூச்சு வாங்கினார்.

“காணும் புள்ள. இதோட நில்லு. இனிச் சுடலை.”

அவள் நின்றாள். தோளை எடுக்கவில்லை. வேறொருவன் மாற வந்தான். அவனுக்கும் இடம் கொடுக்கவில்லை.

“அக்கா,” என்றது முன்னாலிருந்து ஒரு பெண் குரல்.

வெட்டிய குழியருகே முதல் பஸ் ஆக்கள் நின்றார்கள். செங்கல்மேட்டிலிருந்து இறங்கி வந்து, குழி வழியை மறித்ததால் நின்றவர்கள். இருபது பேருக்கு மேல். அதிகமும் பெண்கள், நரைத்த தலைகள், எல்லோருக்கும் செம்மஞ்சள் அங்கி. அவர்களுக்கு முன்னால் வழிகாட்டி விதுர்ஷா. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிள்ளை.

“புள்ள, இது சுடலை,” என்றார் மாமா.

“தெரியும் ஐயா. கப்பல் வந்தா ஒவ்வொரு முறையும் இதுக்குள்ளாலதான் வாறம். சின்னத்தங்கம் அக்காதான் கூட்டிக்கொண்டு வருவா.”

“அவ கரையில நிப்பா.”

“இல்ல ஐயா. கேதீஸ் அக்காதான் கரையில. சின்னத்தங்கம் அக்கா இதுல வந்து நிப்பா.” விதுர்ஷா குழிக்குப் பக்கத்து மேட்டைக் காட்டினாள். அதைச் சுற்றிச் செங்கல் துண்டுகள் பதித்திருந்தன. புல் ஒன்றுமில்லை. “எல்லாரையும் நிப்பாட்டி வைச்சுச் சொல்லுவா. மை ஹஸ்பண்ட். குட் மேன். நோ டோக்கிங்.”

கேதீஸ்வரி அந்த மேட்டைப் பார்த்தாள். அப்பாவை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். பெட்டி தோளில் அழுத்தியது.

மாமா அந்தச் செங்கல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எட்டு வரிசமா?” என்றார்.

“எனக்குத் தெரிஞ்சு மூணு. அதுக்கு முதலும் வந்திருப்பா.”

“மச்சான் வாயே திறக்கமாட்டான்,” என்றார் மாமா, ஒருவரிடமும் அல்லாமல். “கலியாணத்தண்டைக்கும் கதைக்கல்ல.”

நடந்தார். பெட்டி நடந்தது. அவளும் நடந்தாள்.

வெளிநாட்டுப் பெண்கள் விலகி இரண்டு பக்கமும் நின்றார்கள். யாரும் படம் எடுக்கவில்லை. எல்லோரும் ஒரே நிற அங்கியில், யார் கப்பலில் வந்தவர், யார் பிரேதத்தோடு வந்தவர் என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரிந்திராது.

பெட்டி இறங்கியது. சுதாகரன் மண் போட்டான். மாமா போட்டார். அடுத்தவனுக்காகத் திரும்பியவர், திரும்பியபடியே ஓரடி பின்வாங்கினார். குழியின் விளிம்பில் ஓர் ஆள் நிற்க இடம் விழுந்தது.

கேதீஸ்வரி குனிந்தாள். மண் மழையில் ஊறிக் கனத்தது. ஒரு பிடி போட வந்தவள் இரண்டு கையாலும் அள்ளினாள். போட்டாள். மறுபடியும் அள்ளினாள். சுதாகரன் அழுதுகொண்டே சிரித்தான்.

“காணும் அக்கா. மண்வெட்டி கிடக்கு.”

அவள் நிமிர்ந்தபோது முழங்கை வரை சேறு. காற்று முகத்தில் அடித்தது. வாவி முழுவதும் வெயில் விழுந்திருந்தது.

திரும்பும்போது வள்ளம் பாரமில்லாமல் போனது. அவள் எஞ்சினை முழுக்கத் திறந்தாள். முகப்பு எழும்பியது. தண்ணீர் இரண்டு பக்கமும் வெள்ளைச் சிறகாக விரிந்தது. தோணிகளில் வலை இழுத்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். மாமா இந்த முறை விளிம்பைப் பிடிக்கவில்லை. முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைக்கவும் இல்லை.

ஊர்க்கரை தெரிந்தது. பெண்கள் இன்னும் அங்கேயே நின்றார்கள். அவள் வேகத்தைக் குறைத்தாள்.

சுடலைக்குப் போய் வந்தவர்களுக்கு வீட்டு வாசல் படலையில் தண்ணீர் வைப்பார்கள். காலில் ஊற்றி, கிணற்றடியில் தலை முழுகித்தான் உள்ளே போகலாம். போன ஆண்களுக்கு மட்டும் அந்தத் தண்ணீர். மாமா அங்கிக்குள் கையை விட்டு, வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்தார். ஈரக் கையால் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“வீட்ட கோல் எடுக்கிறன் மகள். உனக்கும் தண்ணி வைக்கச் சொல்லட்டா?”