கொசுவத்திக்கு ரெண்டு மார்க்

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஆவடிப் பக்கத்துச் சேக்காடே கண்ணயரும் வேளையில், தமிழரசு கதவைச் சாத்திக்கொண்டு லைவ் போடுவான். வீடியோ கேம் ஆடும்போது பதிவு செய்த காட்சிகளை வெட்டி ஒட்டி, அடியில் ஒரு பாட்டை ஓடவிட்டு, பையன்கள் வீடியோ செய்து அனுப்புவார்கள். அவற்றுக்குக் குறைநிறை சொல்லி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது அவனுடைய சேனல். சோறு போடும் வேலை வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி.

இந்த விமர்சனத்தில் ஒரு சங்கடம் உண்டு. லைவில் பாட்டு கேட்டால் காப்பிரைட் போட்டுச் சேனலையே முடக்கிவிடுவார்கள். அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும்தான் காட்ட வேண்டும். தாளம் எங்கே விழுகிறது, வெட்டு எங்கே விழுகிறது என்பதையெல்லாம் காலையிலேயே தனியாக உட்கார்ந்து கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தாட்சாயிணி இருந்தவரை அப்படித்தான் செய்தான். லைவில் யாரையாவது கொஞ்சம் கடிந்துவிட்டால், முடிந்ததும் அவள் அடுப்படியிலிருந்து, "பாவங்க, ஆசையா அனுப்பியிருக்கான்" என்பாள்.

போன ஐப்பசியில் டெங்கு அவளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவன் காலையில் கேட்பதை விட்டுவிட்டான். "முழுசா கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்று சொல்வதை மட்டும் விடவில்லை. யாரும் கண்டுபிடிக்கவில்லை. பார்க்கிறவர்கள் கூடத்தான் செய்தார்கள். கேட்காமல் பேசுகிறவனுக்குத் தடை ஏது? நாக்கு தாராளமாக ஓடியது. இந்த ஊர்ப் பேச்சு அவனுக்குப் பிறவிப் பேச்சு இல்லை, விருத்தாசலத்துக்காரன். லைவில் மட்டும் மச்சான், மாமே என்று சேர்த்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த வீடியோவில், நான்கு பேர் அணியாக இறங்கிச் சுடும் விளையாட்டு. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் உருவத்தைச் சுற்றியே எல்லாம் நடந்தது. தலைக்கு மேல் அந்த ஆட்டக்காரரின் பெயர் மிதந்தது: கொசுவத்தி. பாதியில் ஓரிடத்தில் அந்த உருவம் மொட்டைமாடி ஒன்றில் அசையாமல் நின்றது. மற்ற மூன்று பேர் அதைச் சுற்றி நின்று வருகிறவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்டே இல்லாமல் அது பாட்டுக்கு நீண்டது.

"மச்சான், இந்தக் கொசுவத்தியப் பாருங்க" என்றான் தமிழரசு. "பேருக்கு ஏத்த மாதிரி எரிஞ்சு முடியற வரைக்கும் ஒரே இடத்துல நிக்குது. சுத்தி நிக்கற மூணு பேரும் சாவு வீட்டுக்கு வந்தவங்க மாதிரியே இருக்காங்க. பீட்டுக்கும் கட்டுக்கும் ஏழாம் பொருத்தம். இந்த ஷாட்டைத் தூக்கிக் கூவத்துல போடு மாமே. பத்துக்கு ரெண்டு. அந்த ரெண்டும் பேருக்காக."

சாட்டில் சிரிப்புப் பொம்மைகள் அருவியாகக் கொட்டின. சாட்டைப் பார்த்துக்கொள்ளும் விக்ரம் லைவ் முடிந்ததும் அழைத்தான்.

"மாமே, கொசுவத்தி மேட்டர் செம. தனியா வெட்டி ஷார்ட்ஸா போட்டுட்டேன். பிச்சுகினு போவுது."

"சரி" என்றான் தமிழரசு. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தான்.

மறுநாள் அலுவலகத்தில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸப் வந்தது.

"தம்பி, நான் வனஜா. தாட்சா கூட ட்ரெயின்ல வருவேன். வீடியோவ நெட்லேந்து எடுத்துட்டோம். வருசம் திரும்புதேன்னு ஆசயா பண்ணோம். சவுண்டு வச்சி பாத்துருந்தா அப்டி பேசிருக்க மாட்ட."

இரண்டு தடவை படித்தும் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. கொசுவத்தி வீடியோவின் இணைப்பைத் திறந்தான். அங்கே ஒன்றும் இல்லை. படிக்கட்டுப் பக்கம் போய் அழைத்தான்.

"அக்கா, கொசுவத்தின்னு வந்தது…"

"இன்னா தம்பி, தெரியாத மாதிரி கேக்கற? நம்ம தாட்சாதான். பொண்டாட்டி இன்னா பேர்ல ஆட்றான்னு உனுக்கு தெரியாதா?"

தெரியாது. தமிழ்நாட்டில் எந்தப் பையன் எந்தப் பெயரில் ஆடுகிறான் என்பது அவனுக்கு மனப்பாடம். அவள் போனில் ஏதோ கேம் ஆடுவாள் என்பது வரைக்கும்தான் தெரியும். அவளுக்கும் அம்பத்தூரில்தான் வேலை. பைக்கில் கூட்டிப்போகிறேன் என்றால், "வேணாங்க, ட்ரெயின்லயே போறேன்" என்பாள். ஏன் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"அதுல அவ குரல் இருக்காக்கா?"

"பின்ன? பாட்ட அடில வுட்டுட்டு அது பேசறதத்தான் மேல வச்சிகீறோம்."

"இன்னும் இருக்கா? அழிச்சிட்டீங்களா?"

அவள் குரல் அவனிடம் இல்லை. கல்யாண வீடியோ முழுக்க நாதஸ்வரம். வாட்ஸப்பில் அவள் எழுதுவாளே தவிரப் பேசி அனுப்பமாட்டாள். ஒரு வருடமாக அவன் தேடாத இடமில்லை.

"சாய்ங்காலம் நெமிலிச்சேரி டேசனுக்கு வா. போன்ல இன்னாத்த பேசறது" என்று சொல்லி வனஜா வைத்துவிட்டாள்.

அவன் போனபோது அவள் பிளாட்பாரத்து பெஞ்சில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. நாற்பதைத் தாண்டியவள். சாவுக்கு வந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்களில் இவளும் ஒருத்தி என்று முகத்தைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"குந்து" என்றாள். "நேத்து இன்னா நடந்துச்சி தெரியுமா? உன் புரோக்ராம்ல வருதுன்னு ட்ரெயின்ல கூட ஆட்றவங்க எல்லாரும் எங்க ஊட்டுக்கு வந்துட்டாங்க. டீவில கனெக்சன் குட்த்து, பஜ்ஜி போட்டுகினு பாத்தோம். உன் மூஞ்சி வந்ததும் கவிப்பிரியா விசில் அட்சிது. கொசுவத்தின்னு நீ ஆரம்பிச்சதும் எல்லாம் சிரிச்சோம், தெரிஞ்சிகினே தமாஷ் பண்றன்னு. எரிஞ்சி முடியறதுன்ன பாரு…" அவள் பையின் வாரை முறுக்கினாள். "அப்பறம் யாரும் பஜ்ஜிய தொடல."

"நான் கேக்கலக்கா. சத்தம் வைக்காமதான் பார்த்தேன்."

"முழுசா கேட்டேன்னு சொன்னியே?"

"பொய்."

வனஜா அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் போனை எடுத்து, அழிக்காமல் வைத்திருந்த வீடியோவைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள்.

பாட்டு தொடங்கியது. அதன் மேல் தாட்சாயிணி சிரித்தாள்.

"அக்கா, பின்னாடி பாருங்க, பின்னாடி! ஐயோ, கவி, உன்னை நம்பி வந்தேன் பாரு!"

ரயிலின் தடதடப்பு கேட்டது. யாரோ பூக்காரியிடம் பேரம் பேசினார்கள். பிறகு மொட்டைமாடிக் காட்சி வந்தது. அது ரயிலில் ஆடியதல்ல. வீட்டில், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"எல்லாரும் கொஞ்சம் இருங்க. அவருக்கு லைவ் டைம். டீ போட்டுக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் என்னைச் சாக விட்டுடாதீங்க."

மஞ்சள் தொப்பி அசையாமல் நின்றது. எங்கேயோ பாத்திரம் உருண்டது. தூரத்தில், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் அதட்டியது: "தாட்சா, அங்க என்ன சத்தம்? மைக்ல விழுது!"

அது தன் குரல் என்று உணர அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஏய், கொசுவத்திய பாத்துக்கங்கடி, அந்தாண்ட ஒருத்தன் வரான்!" என்று போனுக்குள்ளிருந்து வனஜாவின் குரல் கத்தியது. மூன்று பேரும் மஞ்சள் தொப்பியைச் சுற்றி நின்று சுட்டார்கள். அந்த இடத்தில் பாட்டில் தாளமே இல்லை. ஒற்றைப் புல்லாங்குழல் மட்டும். வெட்டு விழ அங்கே இடமே கிடையாது. புல்லாங்குழல் முடியும் தறுவாயில், "வந்துட்டேன்" என்றாள் தாட்சாயிணி, மூச்சு வாங்க.

பிளாட்பாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழரசு அழவில்லை. முகம் மட்டும் அடுப்பெதிரே உட்கார்ந்ததுபோல எரிந்தது.

"எனக்கு இதை அனுப்புங்கக்கா."

"நான் மட்டும் பண்ணலியே. எல்லாருமா ரெக்காடு பண்ணி வச்சிருந்தத தேடி எட்த்தோம். வெட்டி ஒட்டினது கவிப்பிரியா. நேத்துலேந்து அது சரியா துன்னல. அது சரின்னு சொல்லாம நான் எப்டி குடுப்பேன்?"

"நான் வந்து கேக்கறேன்."

"எங்க வருவ? காலைல ட்ரெயின்லதான் அது இருக்கும். லேடீஸ் கோச்சு. பட்டாபிராமாண்ட ஏறும்." கொஞ்சம் யோசித்தாள். "ஆவடில வண்டி நிக்கும் இல்ல, சன்னலாண்ட வா. நின்னு பேசறதுக்கெல்லாம் டைம் இருக்காது, சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் விக்ரமை அழைத்தான். "அந்த ஷார்ட்ஸை எடுத்துடு."

"லூசா மாமே நீ? நம்ம சேனல்லயே அதான் டாப்பு. எதுக்கு?"

போனை வைத்துவிட்டுத் தானே போய் அழித்தான்.

காலையில் ஆவடி பிளாட்பாரத்தில் பெண்கள் பெட்டி நிற்கும் இடம் எது என்று ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கேட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினாள். அங்கே போய் நின்றான். சுற்றிலும் பெண்கள். என்ன சொல்வது என்று இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்தான்.

வண்டி வந்தது. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் முட்டிக்கொண்டார்கள். சன்னலிலிருந்து வனஜா கையை ஆட்டினாள். "தோ, இங்க!" பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதிருக்கும், போனைப் பார்த்தபடி இருந்தாள்.

"கவிப்பிரியா" என்றான். "நான் கேக்காமலே பேசிட்டேன். கேட்டதாப் பொய் சொன்னேன். நேத்துதான் கேட்டேன்."

அவள் நிமிரவில்லை. "போன் ஸ்பீக்கர்லயா?"

"ஆமா."

"அதுல பாதி கேக்காது. தாட்சாக்கா வந்துட்டேன்னு சொன்னப்புறம் மெதுவா இன்னொண்ணு சொல்லும். ஹெட்செட்ல கேட்டாத்தான் தெரியும்."

"இவருதானா அது?" என்று பின்னாலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "சார், இப்ப எத்தினி மார்க்கு?" பெட்டிக்குள் சிரிப்பு ஓடியது. வனஜா, "சும்மா இருடீ" என்றாள்.

வண்டி அசைந்தது. அவன் கூடவே நடந்தான். அடுக்கி வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட நாக்கில் இல்லை.

"அந்த ஷார்ட்ஸை எடுத்துட்டேன்."

கவிப்பிரியா இப்போது நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "நீங்க எடுத்துட்டீங்க. நாலு பேரு காப்பி அடிச்சுப் போட்டிருக்கான். எரிஞ்சு முடியறதுன்னு நீங்க பேசறது மேல பாட்டு போட்டு ஆடறான். அத எப்டி எடுப்பீங்க?"

நடை ஓட்டமாக மாற வேண்டியிருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தான்.

"அனுப்பறேன்!" என்று அவள் கத்தினாள். "அக்காவுக்காகத்தான். சேனல்ல போடக் கூடாது. ஒரு வார்த்த பேசக் கூடாது."

அவன் தலையாட்டினான். அவள் பார்த்தாளோ இல்லையோ, வண்டி போய்விட்டது. மூச்சிரைக்க நின்றான். ரயில்வே பெண் போலீஸ் ஒருத்தி லத்தியை அக்குளில் இடுக்கியபடி வந்தாள்.

"ஹலோ சார், லேடீஸ் கோச்சாண்ட இன்னா பண்றீங்க? கூட ஓடறீங்க, கம்பிய புடிக்கறீங்க. யாரு அந்தப் பொண்ணு?"

"என் மனைவி…" என்று தொடங்கி நிறுத்தினான். "மனைவி இதுலதான் போவாங்க."

"ஏத்தி வுட்டாச்சு இல்ல?"

அவன் வண்டி போன திக்கைப் பார்த்தான்.

"வண்டியும் பூட்ச்சு. இன்னும் இங்க இன்னா வேல? நவுருங்க" என்றாள் அவள். பெண்கள் வழிவிட, அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.